குளிர்கடலில் ஏழு நாள்: பெட்டி கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாறசாலை, நெய்யாற்றின்கரை, உதியன்குளங்கரை, அமரவிளைப் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் வீடுகள் பல உண்டு. இங்கே இடவப்பாதி மழை தொடங்கும் நேரத்தில் அங்கே பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. பெற்றோர் ஐந்தாறு மாதம் போய்த் தங்குவதும், அந்த நாட்களில் மகனோ மகளோ எல்லாரையும் அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போக ஏற்பாடு செய்வதும் இப்போது வழக்கமாகி வருகிறது. "அப்பா, அம்மா, டிக்கெட் எடுத்தாச்சு, நீங்க கிளம்பி வந்தாப் போதும்" என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கிளம்பி வந்தால் மட்டும் போதாது. அங்கே போனபின் செய்ய முடியாத சில காரியங்களை இங்கிருந்தே முடித்துக்கொண்டு போக வேண்டும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை என்றால் என்ன?

நமக்கு எல்லை தாண்டுவது பெரிய விஷயமில்லை. காலையில் களியக்காவிளைச் சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி, இஞ்சிவிளை வழியாகத் திரும்பி வந்துவிடுகிறோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. உறவுகள் இருபுறமும் இருக்கின்றன. யாரும் நம்மிடம் காகிதம் கேட்பதில்லை.

கடலில் வரும் எல்லை அப்படியல்ல. அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம்தான். 1867ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏறி, அமெரிக்காவிலேயே உள்ள அலாஸ்காவைப் பார்த்து, மீண்டும் சியாட்டிலில் இறங்குகிறோம். வேறு நாட்டு விசா எதற்கு என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேற்று நாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. இடையில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே சியாட்டிலில் புறப்படும் கப்பல்கள் திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாத் துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கின்றன. மாலையில் வந்து இரவில் புறப்பட்டுவிடும். என்றாலும் அது கனடா. கப்பலை விட்டு இறங்கமாட்டேன் என்று சொன்னாலும் பயண நிறுவனம் கனடா விசாவைக் கேட்கும்; இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே ஏறவிடாது. கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது.

ஒரே குடும்பம், மூன்று சட்டம்

ஒரு குடும்பத்தில் பேரன் அமெரிக்காவில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். அவனுக்குக் கனடா விசா தேவையில்லை. மகன் நிரந்தர வசிப்புரிமை அட்டை, அதாவது கிரீன் கார்டு வைத்திருக்கிறான். 2022 ஏப்ரல் முதல், அத்தகையோர் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் அந்த அட்டையையும் சேர்த்துக் காட்டினால் போதும். அவர்களுக்கும் விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டும் அமெரிக்கச் சுற்றுலா விசாவும் மட்டும் உள்ள தாத்தா பாட்டிக்குத்தான் கனடா விசா கட்டாயம். பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லாததால், பெற்றோருக்கு உண்டு என்பது அவர்கள் நினைவுக்கே வருவதில்லை. எனவே கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்தாம்.

கிரீன் கார்டு இல்லாமல் வேலை விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கனடா விசா வேண்டும். அவர்களுடைய கடவுச்சீட்டில் உள்ள அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகி இருந்தால், திரும்பி நுழைவது பற்றி அலுவலகச் சட்ட ஆலோசகரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பிள்ளைகள் கனடாவில் இருந்தால் நிலைமை தலைகீழ். வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கினாலும், நடுவில் பார்ப்பதெல்லாம் அமெரிக்க மண். கனடா விசாவுடன் போன பெற்றோருக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். கேரளத்தில் வாழும் நமக்கு அதற்கான நேர்காணல் சென்னைத் துணைத் தூதரகத்தில். தேதி கிடைக்கவே பல மாதம் ஆகக்கூடும்.

இவற்றை ஊரிலிருந்து புறப்படும் முன்பே முடிப்பது நல்லது. அங்கே போனபின் விண்ணப்பித்தால், விசா ஒட்டுவதற்காகக் கடவுச்சீட்டைக் கையைவிட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேரும். கனடாவுக்காக ஒருமுறை கொடுத்த விரல் ரேகை 10 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதையும் நினைவில் கொள்க.

கடவுச்சீட்டு புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு நெய்யாற்றின்கரையிலேயே சேவை மையம் இருப்பது நமக்கு வசதி. பயணம் முடிந்த பின்னும் குறைந்தது 6 மாதம் அது செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழர்களாகிய நமக்கே உரிய சிக்கல் இது. தலைப்பெழுத்து சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். ரேஷன் கார்டில் ஒருவிதம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒருவிதம். மலையாள வழக்கில் எழுதிய பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துகளில் வந்திருக்கும். விமான டிக்கெட், கப்பல் டிக்கெட், காப்பீடு, விசா நான்கிலும் கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள், பயப்பட வேண்டாம். ஆனால் டிக்கெட் பதிவு செய்யும் பிள்ளையிடம் இதை முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் வீட்டுப் பெயரைப் போட்டுப் பதிவு செய்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

யார் போகலாம், எப்போது போகலாம்

மகளின் பேறுகாலத்துக்காகப் போகும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பம் 24ஆம் வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். கைக்குழந்தைக்கும் குறைந்தது 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்த கையோடு எல்லாரும் கப்பலில் போய் வரலாம் என்று திட்டமிட்டால் நடக்காது.

அலாஸ்காக் கப்பல்கள் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை ஓடுகின்றன. மே, ஜூன் மாதங்களில் மழை குறைவு. ஜூலை, ஆகஸ்டில் குளிர் சற்றுக் குறைவு; சால்மன் மீன்கள் ஆற்றில் எதிரேறும் காட்சியும் கிடைக்கும். செப்டம்பரில் மழை வலுக்கும். ஆனால் கட்டணம் பொதுவாகக் குறையும்.

பிள்ளைகள் ஐரோப்பாவில் இருந்தால் இன்னும் சிறிய பயணங்கள் உண்டு. ஸ்டாக்ஹோமில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை ஹெல்சிங்கியில் இறங்கலாம். ஸ்வீடனும் பின்லாந்தும் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். இங்கிலாந்திலிருந்து நார்வேக்குக் கப்பலில் போவதானால், இங்கிலாந்து விசாவுக்கு மேல் ஷெங்கன் விசாவும் வேண்டும். நாடு மாறினாலும் விதி ஒன்றுதான்: கப்பல் தொடும் துறைமுகங்கள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நாடு என்று கேளுங்கள்.

மருந்தும் காப்பீடும்

கப்பலில் மருத்துவர் உண்டு; ஆனால் கட்டணம் டாலரில், அதுவும் கனமாக. நடுவழியில் ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு ஒரு வீட்டின் விலையைத் தொடும். பார்வையாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஏற்கனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய்களுக்கு அது பொருந்துமா? கடற்பயணத்துக்கும் கனடாவுக்கும் செல்லுமா? அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவைத் தருமா?

அன்றாட மாத்திரைகளைக் கடையில் தந்த அட்டையோடும் பெட்டியோடும் எடுத்துச் செல்லுங்கள். பிரித்துச் சிறு டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் அது என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது. மருந்தின் மூலப்பெயரை எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று வேண்டும். நம் நாட்டு வணிகப் பெயர் அங்கே புரியாது. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். கப்பல் அறையில் குளிர்பெட்டி வேண்டும் என்றும், பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

கோடையில் நம் நேரத்துக்குச் சியாட்டில் பன்னிரண்டரை மணி நேரமும் அலாஸ்கா பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியவை. சர்க்கரை மருந்தை அங்கே எந்த நேரத்துக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடல்வாந்தி பற்றிப் பலர் அஞ்சுவார்கள். அலாஸ்காப் பாதையில் பெரும்பகுதி தீவுகளுக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள அமைதியான நீர்வழி. வான்கூவரில் புறப்படும் கப்பல் அதிகமாக அந்த மறைவிலேயே போகும். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் சற்றுத் தூரம் போவதால் அங்கே ஆட்டம் இருக்கலாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகும்போதே தலைசுற்றுகிறவர்கள், கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். தொட்டிலின் நடுப்பகுதி குறைவாக ஆடுவது போலத்தான் இது. மாத்திரையை வாந்தி வந்தபின் போடுவதில் பயன் குறைவு. முன்னதாகப் போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். சுக்கோ இஞ்சி மிட்டாயோ கையில் இருக்கட்டும்.

துணிமணி

ஜூலை மாதத்தில் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் பகலில் 17, 18 டிகிரி, இரவில் 10, 11 டிகிரி செல்சியஸ் இருக்கும். மூணாறில் மார்கழிக் குளிர் கண்டவர்களுக்கு இது தாங்கக்கூடியதே. ஆனால் குளிரோடு மழையும் காற்றும் சேரும். கெச்சிக்கன் என்ற ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. திருவனந்தபுரம் பக்கம் அதில் பாதிதான். பனிப்பாறையின் அருகே கப்பல் தளத்தில் நிற்கும்போது பனியைத் தொட்டு வரும் காற்று முகத்தை அறையும்.

ஒரே ஒரு கனத்த கோட்டு வாங்குவதைவிட அடுக்கடுக்காக அணிவதே நல்லது. உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத மழைச்சட்டை. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பருத்தித் துணி நனைந்தால் உலராமல் குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும். குடை காற்றில் நிற்காது. குரங்குத் தொப்பி, கையுறை, கம்பளிக் காலுறை ஆகியவை சிறியவை, ஆனால் இன்றியமையாதவை. செருப்பு உதவாது, வழுக்காத அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். அதை ஊரிலேயே வாங்கி ஒரு மாதம் நடந்து பழக்குங்கள்; சர்க்கரை நோயாளிகள் புது ஷூவில் கால் புண்ணாகிவிடாமல் பார்க்க வேண்டும். கம்பளித் துணிகளைப் பிள்ளைகள் இருக்கும் ஊரில் வாங்குவது மலிவு, தரமும் மேல்.

புடவைதான் கட்டுவேன் என்னும் தாய்மார்கள் உள்ளே தெர்மல் அணிந்து கட்டலாம். தளத்திலும் கரையிலும் காற்றுக்குச் சுரிதாரோ கால்சட்டையோ வசதி. ஆண்கள் வேட்டியை அறையோடு வைத்துக்கொள்வது நலம். ஓரிரு இரவுகளில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நல்ல உடையில் வரச் சொல்வார்கள். அதற்காகக் கோட்டு சூட்டு தைக்க வேண்டாம்; ஒரு பட்டுப்புடவையும் முழுக்கைச் சட்டையும் எந்தச் சபைக்கும் போதும். கறுப்புக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசும். ஜூன் மாதத்தில் ஜூனோவில் சூரியன் மறைய இரவு 10 மணியாகும்; அறைத் திரையை மூடிக்கொண்டு உறங்கப் பழக வேண்டும்.

சாப்பாடும் வழிபாடும்

முந்திரிக்கொத்தும் முறுக்கும் இல்லாமல் பயணமா என்று கேட்பீர்கள். வீட்டில் செய்த பண்டங்களைப் பொதுவாகக் கப்பலில் அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத உப்பேரிப் பொட்டலங்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை. வீட்டில் செய்தவற்றை மகன் வீட்டில் தங்கும் நாட்களில் தின்று தீர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் இறங்கும்போது பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி ஊறுகாய் கையில் இருக்கக் கூடாது. உணவு இருக்கிறதா என்று கேட்டால் உண்டு என்று சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம்.

கப்பலில் சோறு கிடைக்கும், நம் சம்பா அரிசிச் சோறு கிடைக்காது. சைவச் சாப்பாடு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். ஏறிய முதல் நாள் உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் மீண்டும் சொன்னால், பல கப்பல்களில் மறுநாள் முதல் பருப்பும் காய்கறிக் கூட்டும் வந்துவிடும். கப்பல் ஊழியர்களில் இந்தியர்கள் பலர் இருப்பார்கள், கூச்சப்படாமல் பேசுங்கள்.

மின்சாரக் கெட்டில், தேய்ப்புப் பெட்டி, சிறு ரைஸ் குக்கர் எதையும் அறைக்குள் விடமாட்டார்கள். கற்பூரம், ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு எதுவும் ஏற்றக் கூடாது. கப்பலில் மிகவும் அஞ்சப்படுவது தீ. சாமி படமோ ஜெபப் புத்தகமோ வைத்து மனத்துக்குள் வழிபடலாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிக்கும்போது வெந்நீரில் புட்டியைச் சற்று நேரம் வைத்தால் உருகும்.

ஏறும் நாளும் இறங்கும் இடமும்

கப்பல் புறப்படும் நாளன்றே விமானத்தில் போய்ச் சேர வேண்டாம். ஒரு நாள் முன்னதாகவாவது அந்த நகரத்தில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வர மாலையாகிவிடும். ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர், ஒரு மாற்றுத் துணி, தோர்த்து ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்.

ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி நடக்கும். 1912ல் டைட்டானிக் மூழ்கியபின் 1914ல் கடற்பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கை உருவானது. 2012ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி இறுகியது. ஆங்கிலம் புரியவில்லை என்று பின்னால் நின்றுவிடாதீர்கள். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைப் பேரனிடம் கேட்டு, ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

கைத்தொலைபேசியைக் கடலில் விமானநிலையில் வைத்திருங்கள். இல்லையேல் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பெருந்தொகை பில் வரும்.

கரையில் இறங்கும்போது மிக முக்கியமானது நேரம். கப்பல் நேரமும் தொலைபேசி காட்டும் நேரமும் சில இடங்களில் மாறுபடும்; கப்பல் நேரத்துக்குக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே எல்லாரும் ஏறிவிட வேண்டும். தனியே சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திராது. ஜூனோவுக்கு வெளியூர்ச் சாலையே கிடையாது. விமானமோ படகோதான் வழி. ஸ்காக்வேயில் 1898ல் தங்கம் தேடிப் போனவர்களுக்காகத் தொடங்கி 1900ல் முடித்த மலை ரயில் இருக்கிறது. அதன் சில பயணங்கள் கனடாவுக்குள் போவதால் அங்கும் காகிதம் கேட்பார்கள்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், கிளேசியர் பே வளைகுடா போன்ற இடத்தில் கவலையில்லாமல் நின்று பார்ப்பதற்கு. 1794ல் ஆங்கிலேயர் அதன் வாயிலுக்கு வந்தபோது உள்ளே போகமுடியாதபடி பனிச்சுவர் நின்றது. இன்று அந்தப் பனி 100 கிலோ மீட்டருக்கு மேல் உள்வாங்கி, கப்பல் போகும் கடலாகிவிட்டது. மிச்சமிருக்கும் பனிச்சுவர் இடிபோல் முழங்கி நீரில் சரிவதைப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது பெரும்பேறு.

அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க

புறப்பட 6 மாதம் முன்: கடவுச்சீட்டு, பெயர் ஒப்பீடு, கப்பல் தொடும் நாடுகளின் விசா.

2 மாதம் முன்: காப்பீடு, மருத்துவர் ஆலோசனை, உணவும் குளிர்பெட்டியும் பற்றிக் கப்பலுக்குக் கடிதம், ஷூ.

1 வாரம் முன்: மருந்துச் சீட்டு, எல்லாக் காகிதங்களுக்கும் இரண்டு நகல்கள், ஒன்று பெட்டியில், ஒன்று ஊரில் உள்ள உறவினரிடம்.

கம்பளியும் தொப்பியும் மறந்துபோனால் எந்தத் துறைமுகத்திலும் வாங்கிவிடலாம். மறந்த விசாவை எங்கும் வாங்க முடியாது. ஆகவே பிள்ளைகள் அடுத்தமுறை தொலைபேசியில் "டிக்கெட் எடுக்கப் போறோம்" என்று சொன்னால், "கப்பல் எந்தெந்த ஊரில் நிற்கும், மக்களே?" என்று முதலில் கேளுங்கள். பயணம் இனிதாகட்டும்.